எழுபத்தெட்டோடு நின்ற மணி

பைபிளில் எஸ்தர் ராணியின் கதையில் வருகிற ஆமானைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசச் சொன்னதே ஞானசிகாமணிதான். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவரே இதை மறந்துவிடப் பெரும்பாடு படப்போகிறார். போன செவ்வாய்க்கிழமை குருமனையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, சாந்தபுரம் சபைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளம் குருவானவர் பாக்கியநாதன், மரியாதைக்கு ஒரு வார்த்தையாக, "வர்ற ஞாயிறு எதைப் பத்திப் பேசலாம், செயலாளர் ஐயா?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற தாசில்தாரும் சபையின் செயலாளருமான ஞானசிகாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தபடி, "பெருமையப் பத்திப் பேசுங்க. ஆமான் இருக்கான்லா, அவன் கதையில நமக்கு வேண்டிய பாடமெல்லாம் இருக்கு. நம்ம சபையிலயும் கொஞ்சம் பேரு தலைகனத்துப்போயி அலையுதாக" என்றார். கொஞ்சம் பேர் என்று அவர் சொன்னது ஒரே ஒரு ஆளை. போன தேர்தலில் அவரிடம் தோற்ற பழைய செயலாளர் எட்வின் பொன்னையாவை. இப்போது பிரசங்கம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. எட்வின் பொன்னையா மூன்றாவது பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் வயிறாரச் சாப்பிட்டவர்போலத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தைகூட அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. முதல் பெஞ்சில் அறிவிப்புக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஞானசிகாமணிக்குத்தான் சட்டைக் காலர் நனைகிறது. சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது. பிரசங்கம் முடிந்து, காணிக்கைப் பாட்டும் முடிந்ததும் அவர் எழுந்துபோய் அதை வாசிக்க வேண்டும். கோயில்குட்டி தேவஇரக்கத்தை வேலையைவிட்டு நீக்குகிற தாள் அது.

கோயில்குட்டி என்றால் மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, சாவு விழுந்தால் கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு இடம் அளந்து கொடுப்பது. தேவஇரக்கம் இருபத்தாறு வருஷமாக இதைச் செய்கிறார். கோயிலுக்குப் பின்னால் சபை கொடுத்திருக்கிற ஓட்டு வீட்டில் இருக்கிறார், வேலை போனால் வீடும் போகும், எட்டு மாதக் கர்ப்பிணியான மகள் பிரசவத்துக்கு வந்து அங்கேதான் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள், இது எல்லாம் ஞானசிகாமணிக்குத் தெரியும். தெரியாமல் செய்தால்தான் தப்பு, தெரிந்து செய்தால் அது நிர்வாகம் என்று முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் இருந்தவர் சொல்லிக்கொள்ளலாம், சொல்லியும் கொண்டார், முந்தாநாள் குளிக்கும்போது. ராஜா ஆமானைத் தன் பிரபுக்களுக்கெல்லாம் மேலாக உட்காரவைத்தான் என்கிறார் குருவானவர். அரண்மனை வாசலில் எல்லாரும் குனிந்தார்களாம், மொர்தெகாய் என்கிற ஒரே ஒரு ஆளைத் தவிர. ஞானசிகாமணிக்குத் தான் செயலாளராக ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வருகிறது. வாசலிலிருந்து கேட் வரைக்கும் தோத்திரம் ஐயா, தோத்திரம் ஐயா. கை கூப்பிக் கூப்பி அவருக்கே தோள் வலித்தது. இனித்த வலி. மேலே மின்விசிறி ஒன்று க்ளிக், க்ளிக் என்று சத்தம் போடுகிறது. எண்ணக் கூடாது. ஏழு மாதமாக எதைப் பார்த்தாலும் எண்ணுகிற வியாதி வந்திருக்கிறது, மாடிப்படி, ஜன்னல் கம்பி, மருந்துச் சீட்டில் இருக்கிற எழுத்து. டாக்டரிடம் சொல்லவில்லை, என்னவென்று சொல்வது, எண்ணுகிறேன் என்றா? க்ளிக், முப்பத்தொன்று, க்ளிக், ஜன்னலுக்கு வெளியே தேரிமணல் காற்றில் செக்கச்செவேலென்று எழும்பி அடங்குகிறது, நாற்பது. எழுபத்தெட்டு வருவதற்குள் எப்படியாவது வேறொன்றை நினைத்துவிட வேண்டும். வேறொன்றை நினைக்கப் போனால் அம்மாதான் வருகிறாள்.

அம்மா தங்கபுஷ்பம். மெலிந்த கை, பெரிய காது, ஓய்வுநாள் பள்ளியில் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுத்த குரல். போன மார்ச் மாதம் பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடத்தைத் திறந்துவைக்கப் பேராயர் சாந்தபுரத்துக்கு வருவதாக இருந்தது. பேராயர் இந்தப் பக்கம் வருவதே நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை. வருகிறவரை நம் வீட்டுக்கும் ஒரு எட்டு அழைத்து வந்துவிட்டால் என்ன? வெறுமனே சாப்பிட வாருங்கள் என்றால் வருவாரா? அம்மாவுக்கு எண்பது வயது நிறைவு, ஸ்தோத்திரக் கூட்டம் என்றால் வருவார். அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. "எண்பதுன்னு ஒனக்கு யாரு ராசா சொன்னா?" என்று கேட்டாள். "கிட்டத்தட்ட எண்பதுதானம்மா. ரெண்டு வருசம் கழிச்சி வைக்கலாம்னா அப்ப பேராயர் வருவாரா?" என்று இவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஊரே வந்தது. கேக்கின் மேல் எட்டும் சுழியுமாக இரண்டு மெழுகுவர்த்தி. பேராயர் அம்மாவின் நரைத்த தலையில் கையை வைத்து, எண்பது வருஷக் கிருபைக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அந்தக் கைக்குக் கீழே அம்மா கண்ணை மூடவில்லை. நேராக மகனைப் பார்த்தாள். எல்லாரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருக்க, தாயும் மகனும் மட்டும் விழித்துக்கொண்டிருந்தார்கள். பந்தி முடிந்து, புதுப் பட்டுச்சேலையை அவிழ்த்து மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஆண்டவருக்கு முன்னாடி என் தலையில ரெண்டு வயசக் கூட்டிட்டியே ராசா. அத அவரு கழிச்சிக்கிடுவாரே." கோபமாகச் சொல்லவில்லை. உப்பு கொஞ்சம் தூக்கல் என்பதுபோலச் சொன்னாள். நாலு மாதத்தில் போய்ச் சேர்ந்தாள்.

கழித்துக்கொண்டாரா? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ஞானசிகாமணியின் மனசு மாட்டிக்கொள்ளும், முள்ளில் வேட்டி மாட்டிக்கொள்வதுபோல. இழுத்தால் கிழியும், நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். உண்மையிலேயே எண்பதுவரை இருந்திருப்பாளோ, மிச்சமிருந்த இரண்டு வருஷத்தை நான்தான் முன்கூட்டியே பேராயருக்குப் பரிமாறிவிட்டேனோ. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம், அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, இருதயம் பலவீனம், டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆமானுக்குச் செல்வம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், ராஜாவுக்குப் பக்கத்தில் நாற்காலி இருந்தது என்கிறார் குருவானவர். அவன் பாட்டுக்கு இருந்திருக்கலாமே என்கிறார். அம்மா செத்தது ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு. சாந்தபுரத்தில் சாவுக்கு மணி அடித்தால், செத்தவருக்கு எத்தனை வயசோ அத்தனை அடி. ஒவ்வொன்றாக, ஒரு மூச்சு இழுத்துவிடுகிற இடைவெளி விட்டு. ஊரே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எண்ணும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாடத்தை நிறுத்துவார், குழாயடியில் குடத்தை நிமிர்த்திவைப்பார்கள், மூன்றில் நின்றால் ஐயோ பச்சைப்பிள்ளை என்று அலறுவார்கள், எழுபதைத் தாண்டினால் சரி வாழ்ந்த கட்டைதான் என்று மறுபடி வேலையைப் பார்ப்பார்கள். வீட்டு வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கேட் தூணில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பசை காயாமல், அம்மாவின் படத்துக்குக் கீழே வயது எண்பது. மணி எழுபத்தாறு, எழுபத்தேழு, எழுபத்தெட்டு என்று வந்து நின்றது. பந்தல்காரன் குழியில் கம்பை வைத்தபடி இன்னும் காத்திருந்தான். எல்லாரும் காத்திருந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு முகமாகப் போஸ்டர் பக்கம் திரும்பியது. எட்வின் பொன்னையா அருகே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, துக்கத்தில் குரல் தழுதழுக்க, "எழுவத்தெட்டுதானா? நான் எண்பதுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். அந்தக் கையின் சூடு இன்னும் போகவில்லை.

நடுக்கூடத்தில் அம்மாவைக் கிடத்தி இன்னும் தாடைக்கட்டுகூடச் சரியாகக் கட்டவில்லை. மகன் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். இதுதான், இந்த நடைதான் அவரால் யாரிடமும் சொல்ல முடியாதது. தேவஇரக்கம் கயிற்றைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். "ஏலே, நிறுத்திட்டியே, இன்னும் ரெண்டு இருக்குலா." இவரைவிட மூன்று வயது மூத்தவர் தேவஇரக்கம், ஆனாலும் ஏலேதான், எப்போதுமே அப்படித்தான். "எழுவத்தெட்டு முடிஞ்சிட்டு ஐயா." "எண்பதுலே. பேராயரே வந்து ஜெபம் பண்ணுனாரு. நீயும்தான வந்து சாப்ட்ட." "சாப்ட்டேன் ஐயா. ஆனா ஞானஸ்நான ரிஜிஸ்தர்ல எழுவத்தெட்டுதான் இருக்கு. அதப் பாத்துத்தான் அடிப்பேன்." "நான் சொல்லுதேன், அடி." தேவஇரக்கத்தின் கண் சிவந்திருந்தது. அழுதுகொண்டேதான் அடித்திருக்கிறார், அது அப்போது ஞானசிகாமணியின் கண்ணில் படவில்லை, பிறகு பட்டது, பிறகு பட்டுக்கொண்டே இருக்கிறது. "எனக்கு ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லிக்குடுத்ததே அம்மைதான் ஐயா. அவுகளுக்குப்போயி நான் தப்பா எண்ண மாட்டேன். மன்னிச்சிக்கிடுங்க." அவ்வளவுதான். எதிர்த்துப் பேசவில்லை, முறைக்கவில்லை. அவர் முறைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கல்லறைக் கல்லில் எண்பது என்றே வெட்டச் சொன்னார். கல் சொன்னபடி கேட்டது. ஆனால் அன்றிலிருந்து கோயில் மணி அடிக்கும்போதெல்லாம், யாருக்கு எதற்கு அடித்தாலும், அடித்து ஓய்ந்தபின் இரண்டு அடி அவருக்குள் கேட்கிறது. கேட்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. அடிக்கப்போகிறது என்று உடம்பு காத்திருக்கும், அடிக்காது. மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறதென்று காலை வைத்துத் திடுக்கிடுகிறோமே, அப்படி இரண்டு முறை. சாப்பிடும்போது, சவரம் செய்யும்போது, தூக்கம் வருகிற நேரத்தில். தேவஇரக்கம் தெருவில் எதிரே வந்தால் வழக்கம்போலத் தோத்திரம் சொல்வார்தான், துண்டை இறக்குவார்தான். அந்தத் தோத்திரத்துக்குள் எழுபத்தெட்டு இருந்தது. ஜனவரியில் ஒரு புதன்கிழமை, மகளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன தேவஇரக்கம் பஸ் கிடைக்காமல் உபவாச ஜெபத்துக்கு மணியைப் பத்து நிமிஷம் பிந்தி அடித்தார். போதுமே. கமிட்டியில் ஞானசிகாமணி ஒரு வார்த்தை வாயைத் திறக்கவில்லை, அவருக்கு வேண்டிய உறுப்பினர் பால்துரைதான் பேசினார், கடமையில் கவனக்குறைவு என்றார், ஏழு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். குருவானவர் மட்டும், "இன்னொருக்க யோசிக்கலாமே ஐயா" என்றார். தீர்மானத்தின் வாசகத்தை ஞானசிகாமணியே உட்கார்ந்து எழுதினார். வீட்டில் மனைவி லீலாவதி காப்பித் தம்ளரை வைத்துவிட்டு நின்றாள். "மாமிக்கு எத்தன வயசுன்னு எனக்குத் தெரியாதா? அந்த மனுசன விட்டுருங்க" என்றாள். "இது கோயில் விசயம்" என்றார் இவர். இப்போது அவள் பெண்கள் பக்கம் ஐந்தாவது வரிசையில் இருக்கிறாள். திரும்பிப் பார்க்க அவருக்குப் பயமாக இருக்கிறது.

"பிரியமானவர்களே," என்கிறார் குருவானவர், "மொர்தெகாய் ஆமானுக்கு என்ன செய்தான்? அடித்தானா, திட்டினானா, அவன் சொத்தில் பங்கு கேட்டானா? ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான்." மின்விசிறியின் க்ளிக் நின்றுவிட்டதுபோல இருக்கிறது. இவர் யாரைச் சொல்கிறார்? யாரையும் சொல்லவில்லை, நான்தானே இந்தத் தலைப்பைக் கொடுத்தேன், நான் கொடுத்த தலைப்பு எனக்கு எப்படிப் பாடமாகும்? குருவானவர் இங்கே பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே பார்ப்பது மாதிரி இல்லையா? ஒருவேளை எல்லாருக்கும் தெரியுமோ. பிடரியில் எறும்பு ஊர்கிறது. நூறு ஜோடிக் கண் என்று நினைத்துக் கையை வைத்துப் பார்த்தால் எறும்பேதான், ஒன்றே ஒன்று. ராஜா கூப்பிட்டுக் கேட்டானாம், நான் ஒரு மனுஷனைக் கௌரவிக்க விரும்புகிறேன், என்ன செய்யலாம் என்று. என்னைத் தவிர யாரை இருக்கும் என்று ஆமான் நினைத்தானாம். சபையில் சிலர் சிரிக்கிறார்கள். எட்வின் பொன்னையா மனசுவிட்டுச் சிரிக்கிறார். ஞானசிகாமணியும் சிரித்தாக வேண்டும். உதட்டை விரிக்கிறார், உதடு மேல்பல்லில் ஒட்டிக்கொள்கிறது. குனியாத மொர்தெகாய்க்கென்று ஆமான் நட்டுவைத்த தூக்குமரம் ஐம்பது முழமாம். ஒரு ஆளைத் தொங்கவிட அவ்வளவு உயரம் எதற்கு? ஆறடி போதுமே என்கிறார் குருவானவர். ஊர் பார்க்க வேண்டும், அதற்குத்தான். கடைசியில் அதில் தொங்கியது ஆமானேதான் என்கிறார். ஞானசிகாமணியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. இந்தத் தாளைப் போன திங்கட்கிழமையே தேவஇரக்கத்தின் கையில் கொடுத்திருக்கலாம். சட்டப்படி அது போதும். சபை நடுவில், ஒலிபெருக்கியில், ஞாயிற்றுக்கிழமை, அவன் பெண்டாட்டி பிள்ளை கேட்க வாசிக்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது? எந்த விதியிலும் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். விதிகளெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

காணிக்கைப் பாட்டு தொடங்கிவிட்டது. எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், ஞானசிகாமணியும் நிற்கிறார், பாட்டு வாயில் ஓடுகிறது, உள்ளே வேறு என்னவோ உடைகிறது. நான்தான். அவ்வளவுதானே, சொல்லிவிட்டால் போயிற்று, நான்தான் ஆமான். ஒரு கிழவியின் வயசில் இரண்டைக் கூட்டி அதை நிரூபிக்க ஒரு கர்ப்பிணியை வெளியே தள்ளப்பார்த்த ஆள். அம்மா, என்ன பிள்ளையைப் பெற்றாய் நீ. கண் நிறைகிறது. நிஜமான கண்ணீர், அதில் சந்தேகமே இல்லை. வாசிக்க மாட்டேன். இந்தத் தாளை மடித்தபடியே வைத்துவிடுவேன். முடிவு செய்ததும் உடம்பு லேசாகிறது, ஏழு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறுவரை போகிறது. ஆராதனை முடிந்ததும் தேவஇரக்கத்தைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, கிழித்துப்போட்டுட்டேன்வே, நிம்மதியா இரும் என்று சொல்ல வேண்டும். அவர் என்ன செய்வார்? துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார். காலில்கூட விழுவார், விழ விடக் கூடாது, பாதியில் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள். எட்வின் பார்ப்பார். கமிட்டியே முடிவு செய்தும் செயலாளர் மன்னித்துவிட்டார் என்று பேசுவார்கள், என்ன தாழ்மை பாருங்க என்று பேசுவார்கள், பேராயர் காதுக்குக்கூட எட்டலாம். பாட்டின் கடைசி அடியை அவர் உருக்கமாக, பக்கத்து பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரிப் பாடுகிறார்.

அறிவிப்பு நேரம். ஞானசிகாமணி எழுந்து படியேறி ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறார். புதன்கிழமை உபவாச ஜெபம், வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியம், அடுத்த ஞாயிறு திருவிருந்து. வாசித்துக்கொண்டே கண்ணைத் தூக்கி, நேர் எதிரே மேற்கு வாசலில் மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கிற தேவஇரக்கத்தைப் பார்க்கிறார். தீர்மானம் பற்றி அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். இப்போது அந்த முகம் என்ன பாடு பட்டுக்கொண்டிருக்கும், எப்படி இவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். தேவஇரக்கம் இவரைப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். வெட்டாந்தரையில் ஒரு கோழி குஞ்சுகளோடு மேய்கிறது, அதை. உதடு லேசாக அசைகிறது, குஞ்சுகளை எண்ணுகிறார். பார்வே, இங்கே பார், உன் வீடு என் கையில் இருக்கிறது, உன்னை நான் காப்பாற்றப்போகிறேன், ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடு. ஒரே ஒரு தடவை. தேவஇரக்கம் திரும்பவில்லை. ஞானசிகாமணியின் விரல்கள் பையிலிருந்த தாளை எடுத்து நாலு மடிப்பையும் பிரிப்பதை ஞானசிகாமணியே பார்க்கிறார். வேண்டாம் என்று அவருக்குள் யாரோ சொல்கிறார்கள், குரல் சின்னதாக, அடுத்த வீட்டில் பேசுவதுபோல. ஒலிபெருக்கியில் தாசில்தார் குரல் தெளிவாக வருகிறது. சபையின் கோயில்குட்டி திரு. தேவஇரக்கம், கடமையில் கவனக்குறைவு காரணமாக, இந்த அறிவிப்பு வாசிக்கப்படும் நேரத்திலிருந்து பணிநீக்கம் செய்யப்படுகிறார். வாசிக்கப்படும் நேரத்திலிருந்து. அந்த வார்த்தைகளை அவர் ஆசையாக யோசித்து எழுதியிருந்தார். அந்த ஆள் இதற்கப்புறம் ஒரு அடிகூட அடிக்கக் கூடாது என்று.

பெண்கள் பக்கத்தில் யாரோ "ஐயோ" என்கிறார்கள். எழுந்திருக்க முயன்று வயிற்றின் பாரத்தில் மறுபடி உட்காருவது தேவஇரக்கத்தின் மகள்தான் என்று பார்க்காமலே தெரிகிறது. தேவஇரக்கம் இப்போது திரும்பிப் பார்க்கிறார், முழுசாக, நிதானமாக, ஒரு பெரிய எழுத்துப் பலகையைப் படிப்பதுபோல. பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து வாசல் மேஜைமேல் சத்தம் வராமல் வைக்கிறார். கயிற்றைக் கொக்கியில் மாட்டுகிறார். வெளியே போய் நிற்கிறார். குருவானவர் வெளுத்த முகத்தோடு ஆசீர்வாதம் கூறுகிறார், சபை முழங்காலில் நிற்கிறது. சாந்தபுரத்தில் ஆசீர்வாதம் ஆனபின் மணி அடிக்கும்வரை யாரும் முழங்காலை எடுக்க மாட்டார்கள். மூன்று அடி, ஒன்றோடொன்று சேர்ந்தாற்போல. வெள்ளைக்காரக் குருமார் காலத்திலிருந்து அப்படித்தான், அதை யாரும் மாற்ற நினைத்ததே இல்லை. சபை முழங்காலில் இருக்கிறது. மணி அடிக்கவில்லை. யாரோ இருமுகிறார்கள். மணி அடிக்கவில்லை. முட்டி வலியுள்ள கிழவர்கள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார்கள். ஒரு தலை உயர்கிறது, அப்புறம் இன்னொன்று, எல்லாத் தலைகளும் மேற்கு வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாக, ஞானசிகாமணி திரும்பிவந்து முழங்காலிட்டிருக்கிற முதல் பெஞ்சுப் பக்கம் திரும்புகின்றன. ஐந்தாவது வரிசையில் லீலாவதியும் பார்க்கிறாள். எட்வின் பொன்னையா முழங்காலில் நின்றபடியே, அன்போடுதான் சொல்கிறார்: "செயலாளரே, மணி."

ஞானசிகாமணி நடக்கிறார். நடைபாதையில் இரண்டு பக்கமும் எல்லாரும் முழங்காலில், நடுவில் அவர் ஒருவர் மட்டும் நெட்டையாக. ஒரு காலத்தில் இந்தக் காட்சிக்கு அவர் ஆசைப்பட்டிருப்பார். கயிறு எதிர்பார்த்ததைவிடத் தடிமனாக, இருபத்தாறு வருஷத்துக் கை எண்ணெயில் கறுத்து வழுவழுவென்று இருக்கிறது. இழுக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை, பலத்தையெல்லாம் கொடுத்து இழுக்கிறார், மேலே எங்கோ மணி புரண்டு, நினைத்ததற்கு ரொம்பப் பிந்தி ஒரே ஒரு அடி விழுகிறது. சேர்த்து அடிக்க அவருக்கு வரவில்லை. மணி திரும்பி வருகிறவரை காத்திருந்து மறுபடி இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு மூச்சு இடைவெளி. இரண்டு. ஒரு மூச்சு இடைவெளி. மூன்று. போதும், விட்டுவிடலாம் என்று நினைக்கும்போதுதான் தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்கிறது. "மூணா? மூணுலயா நின்னுட்டு? எந்தப் பிள்ளைளா?" என்று ஒரு பெண் குரல் அலறுகிறது. ஐயோ, இது துக்க மணி, நான் அடித்துக்கொண்டிருப்பது துக்க மணி. மூன்றில் நிறுத்தக் கூடாது, அவசரமாக இழுக்கிறார், நான்கு. நான்கும் குழந்தைதானே. ஐந்து, ஆறு. எதில் நிறுத்தினாலும் அந்த வயசில் யாரோ ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார், அவரைப் பெற்றவள் எங்கோ குடத்தைப் போட்டுவிட்டு நிற்கிறாள். பதினொன்று. உள்ளங்கை எரிகிறது. நிறுத்த முடியவில்லை, நிறுத்துகிற இடம் எது என்று தெரியவில்லை. வாசலில் சபை வந்து கூடிவிட்டது, தெருவிலிருந்தும் ஆட்கள் ஓடி வருகிறார்கள், எல்லார் உதடும் அசைகிறது, எல்லாரும் எண்ணுகிறார்கள், அவருக்குத்தான் எண்ணிக்கை தப்பிவிட்டது. இருபத்தெட்டா, முப்பதா? அறுபத்தொன்று நான். அறுபத்தொன்றில் நின்றுவிட்டால்? வேப்பமரத்தடியில் மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தேவஇரக்கம் நிற்கிறார். அவரும் எண்ணிக்கொண்டிருக்கிறார். அவர் தப்பாக எண்ண மாட்டார்.

"அண்ணே!" என்று ஞானசிகாமணி கத்துகிறார். வாழ்நாளில் அந்த மனுஷனை அப்படிக் கூப்பிட்டதில்லை. "தேவஇரக்கம் அண்ணே! எத்தனையில நிறுத்தணும்?"

தேவஇரக்கம் மகளின் கையை மெல்ல விட்டுவிட்டு இரண்டு எட்டு முன்னால் வருகிறார். முகத்தில் கேலி இல்லை, கோபம் இல்லை. இருபத்தாறு வருஷமாக, துக்கம் சொல்ல வருகிறவர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்கிறார்.

"செத்தது யாருன்னு சொல்லுங்க ஐயா. அதச் சொன்னாத்தான எத்தனைன்னு சொல்ல முடியும்."

ஞானசிகாமணி வாயைத் திறக்கிறார். பெயர் வரவில்லை. கயிறு மேலே போகிறது. விடத் தெரியாத கைகளும் அதோடு போகின்றன.